மாற்று ஆள்: இல்லை

என் தம்பியை டிப்போவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். அதில் அவனுக்குப் பெருமை வேறு. பஸ் நிலையத்து வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் மூன்று கடிகாரங்கள். இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அவன் அங்கே டைம் கீப்பராக உட்கார்ந்திருக்கிறான். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது, யார் ஓட்டுகிறார், அவருக்கு முடியாமல் போனால் மாற்று ஆள் யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. அவன் கையெழுத்து விழாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது.

ஒரு முறை ஒரு டிரைவர் தெரியாத்தனமாக அவனிடம், "ஒரு நிமிஷம் லேட்டானா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டுவிட்டார். இவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டு, அந்த ஒரு நிமிஷம் சாயங்காலத்துக்குள் எப்படிப் பத்தொன்பது நிமிஷமாகும் என்று விளக்க ஆரம்பித்தான். விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அதுவரை வண்டியும் ஜனங்களும் காத்துக்கிடந்தார்கள். அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று தன் பேரையே எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினான். இப்படி ஒரு ஜென்மம்.

நான் அவனுக்கு ஒன்பது வருடம் மூத்தவள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என் தொழில். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். தம்பிக்கு வாயே இல்லாதபோது வீட்டில் யாராவது ஒருவர் பேசத்தானே வேண்டும்.

அவனுக்கு வாய்த்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கெட்டிக்காரி. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவாள். கல்யாணமான மறுவாரமே என் தம்பி ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினான். குளியலறை: அவன் 5.50 முதல் 6.00 வரை, அவள் 6.10 முதல் 6.22 வரை. முதல் வருடம் அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது வருடம் சிரிப்பதை நிறுத்தினாள். ஏழாவது வருடம் என் வீட்டுக்கு வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, உங்க தம்பி ரொம்ப நல்லவரு. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவர்கூட இருந்தா நாள் பூரா பஸ்லயே இருக்க மாதிரி இருக்கு. எனக்கு எறங்கணும்" என்றாள்.

இறங்கிவிட்டாள். பஸ்ஸில் பதினான்கு நிமிஷம், ஆறு நிறுத்தம் தள்ளி ஒரு வீடு பார்த்துப் போனாள். என் தம்பி சண்டை போடவில்லை. ஆறு வயது மகள் வெள்ளி மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை அவனோடு, மற்ற நாள் அம்மாவோடு என்று பேசி முடித்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அது தவறவில்லை. புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். இவர்கள் பிரிந்ததில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

அந்தப் பெண்ணை நாங்கள் 'வாண்டு' என்போம். சனிக்கிழமைகளில் அவளுக்குக் கண்ணாடிக் கூண்டுதான் வீடு. இதற்காகவே என் தம்பி ஆள் ஆளாகக் கெஞ்சிச் சனிக்கிழமை பகல் ஷிஃப்ட்டை வாங்கி வைத்திருந்தான். ஒரு நாள் அவன் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, அவள் விசிலை எடுத்து ஊதி மூன்று வண்டிகளை நேரத்துக்கு முன்னாலேயே கிளப்பி விட்டுவிட்டாள். டிரைவர்கள் எல்லாம் இன்றைக்கு நிமிஷம் என்ன ஆகப்போகிறானோ என்று கூடி நின்றார்கள். இவன் வந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருபத்திரண்டு வருடத்தில் டிப்போ அவன் பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாண்டுக்கு ஒன்பது வயதானபோது அவள் அம்மா மறுபடியும் என் வீட்டுக்கு வந்தாள். நான் டீ போட்டேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், மகளையும் கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னாள்.

"அங்க எனக்கு நைட் ட்யூட்டி கெடையாது அண்ணி. என் தங்கச்சி அடுத்த தெருவுலயே இருக்கா. இங்க என் ட்யூட்டி நேரத்துல இவ பூட்டின வீட்டுக்குள்ள தனியா ஒக்காந்திருக்கா. அவரோட கையெழுத்து வேணும். இல்லனா கோர்ட்டு உத்தரவு வேணும்."

அவளுக்கென்று போட்ட டீயை நானே எடுத்துக் குடித்துவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் குழந்தை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, நூல்கண்டை எல்லாம் உருட்டி விட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "அத்தை, நான் எவ்ளோ வளந்திருக்கேன்னு பாரு" என்று நிற்கும். அது போய்விட்டால் எனக்கு யாருமில்லை. தம்பிக்காகத்தான் கொதித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகத்தான்.

ஓடினேன் டிப்போவுக்கு. "எந்தத் தாளுலயும் கையெழுத்து போட்டுடாதடா."

"படிக்காம நான் எதுலயும் போட மாட்டேன்க்கா" என்றான். அவ்வளவுதான். பேனாவைத் தூக்கி எறிவான், ஒரு வார்த்தை திட்டுவான் என்று பார்த்தேன். அடுத்த வண்டிக்கு விசில் ஊதினான்.

வக்கீலை நான்தான் பிடித்தேன். அவர் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சீருடை தைத்துக் கொடுப்பது நான். அந்த உரிமையில் போய் உட்கார்ந்தேன். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தம்பியிடம், "கவலைப்படாதீங்க. பொண்ணு அப்பாகிட்ட ஒட்டுதலா இருக்கா. நீங்களும் ஜட்ஜம்மா முன்னாடி கொஞ்சம் கண்ணு கலங்கணும்" என்றார்.

என் தம்பி பேனாவை எடுத்தான். "எத்தனை மணிக்கு சார்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குறித்துக்கொள்வதற்காகவே கேட்டான்.

கோர்ட்டில் இரண்டு திட்டம் எழுதிக் கேட்டிருந்தார்கள். குழந்தை இங்கேயே இருந்தால் அப்பா எப்படி வளர்ப்பார் என்று ஒன்று. குழந்தை போய்விட்டால் அப்பாவும் மகளும் எப்படித் தொடர்பில் இருப்பார்கள் என்று ஒன்று. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார்களாம். என் தம்பி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாரம் லீவு போட்டான். நாற்பது பக்கம் எழுதினான். ஸ்கேல் வைத்துக் கோடு, சிவப்பு மையில் தலைப்பு. நான் படித்துக்கூடப் பார்க்காமல் மெஷினில் காக்கி நூல் போட்டு ஓரம் தைத்துக் கொடுத்தேன். அது நான் செய்த முட்டாள்தனம்.

வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்துதான் நானே அதைப் பார்த்தேன். முதல் திட்டம் அப்படியே டிப்போ ட்யூட்டி சார்ட். ஒரு வாரம் அவனுக்கு விடியற்காலை ஷிஃப்ட், மறு வாரம் மாலை ஷிஃப்ட். அவன் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே 'அக்கா' என்று எழுதியிருந்தான். கூட்டிப் பார்த்தேன். சராசரியாக வாரத்துக்கு முப்பத்தொரு மணி நேரம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஓய்வுகூட ஒதுக்கியிருந்தான், புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை.

"நான் என்ன உன் டிப்போ கண்டக்டரா?" என்றேன்.

"நீ மாட்டேன்னு சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல்.

வக்கீலுக்கு வேறு எரிச்சல். கடைசிக் கட்டத்துக்கு 'மாற்று ஆள்' என்று தலைப்பு. என் பேருக்கு எதிரே அந்தக் கட்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே சொல்: இல்லை. மொத்தம் பதினொரு 'இல்லை'.

"இதெல்லாம் எதுக்குங்க எழுதினீங்க? அடிச்சிடுங்க" என்றார் வக்கீல்.

"அக்காவுக்கு உடம்பு முடியலனா யாருமில்ல சார். போன வருஷம் மஞ்சள் காமாலைல பதினெட்டு நாள் படுத்திருந்தா."

"இப்ப நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்டா" என்றேன் நான்.

"அடிங்க சார். இது உங்க டிப்போ இல்ல" என்றார் வக்கீல் மறுபடியும்.

"டிப்போலயே எழுதினத அடிக்க மாட்டேன் சார். இது என் பொண்ணு."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, நாற்பது பக்கத்தை எந்த ஜட்ஜும் படிக்கப்போவதில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, அப்படியே தாக்கல் செய்தார். இரண்டாவது திட்டத்தை நாங்கள் யாரும் பிரித்தே பார்க்கவில்லை. அது தேவைப்படாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த ஜட்ஜம்மா நாற்பது பக்கத்தையும் படித்திருந்தார். அதுவும் இரண்டு தடவை.

கோர்ட் என்றால் பெரிய மண்டபமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். எங்கள் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. ஜட்ஜம்மா மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே என் தம்பி வாசலில் நின்ற டவாலியிடம், சுவர்க் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்னால் ஓடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். வாண்டு பக்கத்து அறையில், பிள்ளைகளுக்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். காலையிலேயே ஜட்ஜம்மா அவளிடம் கால் மணி நேரம் தனியாகப் பேசியிருந்தார். அம்மாவோடு தூங்க வேண்டும், அப்பாவோடு விசில் ஊத வேண்டும் என்று சொன்னாளாம்.

அவர்கள் பக்கத்து வக்கீல் ஒரு சின்னப் பெண். எழுந்து இரண்டாவது திட்டத்தின் முதல் வரியைப் படித்தாள். "சனிக்கிழமை, இருபத்தைந்து மணி முப்பது நிமிஷம், வீடியோ கால்." நிறுத்தினாள். சுற்றிலும் ஒரு பார்வை. "ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்னே தெரியாதவர்கிட்ட ஒரு குழந்தைய எப்படிம்மா ஒப்படைக்கறது?"

கோர்ட்டே சிரித்தது. டவாலி திரும்பி நின்று சிரித்தான். எங்கள் வக்கீல் மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

என் தம்பி எழுந்தான். "டிப்போல அப்படித்தாம்மா எழுதுவோம். சனிக்கிழமை கெளம்பின வண்டி நடுராத்திரி தாண்டி ஒன்றரைக்கு உள்ள வந்தா, அது ஞாயித்துக்கிழமை கணக்கு இல்ல. சனிக்கிழமை கணக்குதான். அதனால இருபத்தஞ்சு முப்பதுன்னு போடுவோம். கடைசி வண்டி உள்ள வர்ற வரைக்கும் அந்த நாள் முடியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நடுராத்திரி ஒன்றரைக்கா பொண்ணுகூடப் பேசுவீங்க?"

"அங்க அப்ப ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிம்மா. அன்னைக்குதான் அவளுக்கு அவசரம் இல்ல. மத்த நேரம் கூப்பிட்டா 'அப்புறம்பா'ன்னு வெச்சிடுவா. பேசணும்னுகூட இல்ல. ஃபோன முன்னாடி வெச்சிட்டு அவ பல்லு தேச்சா போதும்."

ஜட்ஜம்மா ஏதோ எழுதிக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். உடனே அவர் முதல் திட்டத்தை எடுத்தார்.

"இதுல 'மாற்று ஆள்'னு ஒரு கட்டம் இருக்கு. பதினொரு எடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"டிப்போல ஒரு வண்டிக்கு இந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வண்டிய எடுக்க விட மாட்டேன். கையெழுத்து போட மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இருக்கேன்னு சொல்லுடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டவாலி உதட்டில் விரலை வைத்து என்னை முறைத்தான். ஜட்ஜம்மா முறைக்கவில்லை. இரண்டாவது திட்டத்தைப் பிரித்தார்.

அதிலும் அதே கட்டங்கள். அங்கே அம்மா வேலைக்குப் போகும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம், சித்தி வந்து கூட்டிப்போகும் நேரம். சித்திக்கு முடியாவிட்டால் சித்தப்பா, அவருக்கும் முடியாவிட்டால் கீழ்வீட்டு டீச்சர். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

"இந்த விவரமெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?"

என் தம்பி எதிர் வரிசையில் இருந்த வாண்டின் அம்மாவைக் காட்டினான். "அவங்களதாம்மா ஃபோன் பண்ணிக் கேட்டேன். நாப்பத்தெட்டு நிமிஷம் பேசினோம்."

அவர்கள் வக்கீல் திரும்பி அவளை முறைத்தாள். எங்கள் வக்கீல் இவனை முறைத்தார். கோர்ட்டுக்கு வெளியே இப்படி ரகசியமாக ஃபோனில் பேசி எழுதுகிற இரண்டு பேருக்காகவா நாம் இத்தனை நாள் தொண்டை வறள வாதாடினோம் என்ற ஆத்திரம் இருவர் முகத்திலும் ஒரே மாதிரி தெரிந்தது. நான் அவளை முறைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜம்மா இரண்டு திட்டத்தையும் அவன் முன்னால் வைத்தார். "நான் உத்தரவு போடலாம். அதுக்கு முன்னாடி கேக்கறேன். டைம் கீப்பரா நீங்க இதுல எதுல கையெழுத்து போடுவீங்க?"

என் தம்பி பேனாவைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்தான். அவன் தயங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு குனிந்து, இரண்டாவது திட்டத்தில் கையெழுத்துப் போட்டான். பழக்க தோஷம், பக்கத்தில் 11.52 என்று நேரமும் எழுதினான்.

கண் கலங்க வேண்டும் என்று வக்கீல் சொன்னது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அழுதது எதிர் வரிசைதான். ஜெயித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபத்தோடேயே என் கைக்குட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

உத்தரவில் வேறு எதுவும் சேர்க்க வேண்டுமா என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"அவ லீவுக்கு இங்க வர்ற தேதிய எழுதுங்கம்மா. போற தேதி வேணாம், அது எனக்கு மறக்காது. வர்ற தேதிய எழுதிக் குடுங்க."

எழுதினார். வருடாவருடம் பெரிய விடுமுறையில் ஆறு வாரம், கூட்டி வருவது தாயின் பொறுப்பு, தேதி இன்னது.

வாண்டின் அம்மா தன் வக்கீலோடு தாள்களில் கையெழுத்துப் போட உள்ளேயே இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் எதிரே பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தோம். நடுவில் வாண்டு, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். நான் அவனோடு பேசவில்லை. இந்த ஜென்மத்தில் பேசுவதில்லை என்று படி இறங்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

வாண்டு காலை ஆட்டிக்கொண்டே, "அப்பா, நான் போறேனா, இருக்கேனா?" என்றாள்.

ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. அவன் வாட்சைப் பார்க்கவில்லை. நாற்பது பக்கம் எழுதியவன், யார் எழுப்புவது, யார் கூட்டி வருவது, காய்ச்சல் வந்தால் யார் என்று எல்லாவற்றுக்கும் ஆள் போட்டவன், இதை அவளிடம் யார் சொல்வது என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நாற்பத்து மூன்று வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான்தான் சொன்னேன். "நீ அம்மாகூடப் போற. லீவுக்கு லீவு இங்க வருவ. அப்பாதான் கையெழுத்து போட்டாரு. உனக்கு நல்லதுன்னுதான் போட்டாரு." என் வாயாலேயே அதைச் சொன்னேன்.

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அழவில்லை. அவனுக்குக் கேட்கக் கூடாது என்று என் காதருகே வந்து கேட்டாள்.

"அத்தை, நான் போயிட்டா சனிக்கிழமை அப்பா என்ன பண்ணுவாரு?"

அவனுக்குக் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் ஆடியது.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.